வீட்டில் செய்யும் ஆடியோ கேபிள்

வீட்டு ஸ்டீரியோ அமைப்பின் பின்பக்கம் ஓடும் கேபிள்கள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அவை சுமப்பது ஒன்றல்ல. ரெக்கார்டு பிளேயரின் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது ஏறக்குறைய 5 மில்லிவோல்ட். சிடி பிளேயர் ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது உச்சத்தில் 2 வோல்ட். ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் முனையின் மின்தடை 10,000 ஓம் முதல் 47,000 ஓம் வரை இருப்பதால், கம்பியில் ஓடும் மின்னோட்டம் ஒரு மில்லிஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆம்ப்ளிஃபயரைத் தாண்டியதும் நிலைமை மாறிவிடுகிறது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் கொடுக்க 20 வோல்ட் அழுத்தமும் 2.5 ஆம்பியர் ஓட்டமும் வேண்டும். ஆகவே ஸ்பீக்கர் கம்பியில் முதலில் பார்க்க வேண்டியது மின்தடை. கருவிகளை இணைக்கும் ஆர்சிஏ கேபிளில் பார்க்க வேண்டியது ஷீல்டு, அதாவது உள்கம்பியைச் சுற்றிய உலோக வலை. ரெக்கார்டு பிளேயரின் கேபிளில் இவற்றோடு மின்தேக்குத்திறனும் சேர்ந்துகொள்கிறது. எந்தக் கேபிள் எந்த வேலைக்கு என்று தெரிந்துவிட்டால், மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் உள்ள யாரும் கடையில் பெரும் விலைக்கு விற்கும் கேபிளுக்கு இணையானதை வீட்டிலேயே செய்துகொள்ள முடியும். சில இடங்களில் அதைவிட மேலானதையும் செய்யலாம். காரணம் அபூர்வ உலோகம் எதுவும் இல்லை. சரியான தடிமன், தேவையான நீளம், உறுதியான பற்றவைப்பு, இவ்வளவுதான்.

ஸ்பீக்கர் கம்பி

1970-களின் பிற்பகுதி வரை ஸ்பீக்கருக்கென்று தனிக் கேபிள் வாங்க வேண்டும் என்ற எண்ணமே பெரும்பாலான வீடுகளில் இல்லை. மேசை விளக்குக்குப் போடும் இரட்டைக் கம்பிதான் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஸ்பீக்கருக்கும் போனது. அந்தப் பழக்கத்தை மாற்றியவர்களில் முக்கியமானவர் சான் ஃபிரான்சிஸ்கோவில் மான்ஸ்டர் கேபிள் நிறுவனத்தைத் தொடங்கிய நோயல் லீ. தடித்த கம்பி, கண்ணைப் பறிக்கும் உறை, உயர்ந்த விலை என்று ஒரு புதிய சந்தையே அதிலிருந்து பிறந்தது. தடித்த கம்பி நல்லது என்ற அவரது அடிப்படை வாதம் சரியானதுதான். அந்தத் தடிமனுக்கு அவ்வளவு விலை வேண்டுமா என்பதுதான் கேள்வி. 1983-இல் அமெரிக்காவின் ஸ்டீரியோ ரிவ்யூ இதழுக்காக லாரன்ஸ் கிரீன்ஹில் நடத்திய கேட்டல் சோதனையில், மிக மெல்லிய 24 கேஜ் கம்பியைக் கேட்டவர்கள் பிரித்தறிந்தார்கள். இசையைக் கேட்கும்போது சாதாரண 16 கேஜ் கம்பியையும் விலை உயர்ந்த கேபிளையும் அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 16 கேஜ் என்பது ஏறத்தாழ 1.3 சதுர மில்லிமீட்டர். 24 கேஜ் என்பது 0.2 சதுர மில்லிமீட்டர்.

இந்த முடிவைக் கணக்கும் ஆமோதிக்கிறது. கேபிளின் மொத்த மின்தடை ஸ்பீக்கரின் மின்தடையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வழிகாட்டல். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓம், 4 ஓம் ஸ்பீக்கருக்கு 0.2 ஓம். நெகிழ்வான செம்புக் கம்பிகளுக்கான சர்வதேச அளவுப்படி 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு 13.3 ஓமுக்கு மேல் போகக் கூடாது. 2.5 சதுர மில்லிமீட்டருக்கு அது 7.98 ஓம், அரை சதுர மில்லிமீட்டருக்கு 39 ஓம். ஸ்பீக்கர் 5 மீட்டர் தூரத்தில் இருந்தால் மின்சாரம் போய்த் திரும்ப 10 மீட்டர் கம்பி. 1.5 ஸ்கொயர் கம்பியில் அது 0.13 ஓம், ஒலியளவில் இழப்பு 0.14 டெசிபெல். காது இதை உணராது. அரை ஸ்கொயர் கம்பியை 10 மீட்டர் இழுத்தால் 0.78 ஓம் ஆகிறது, இழப்பு 0.8 டெசிபெல். இங்கே சத்தம் குறைவதோடு விஷயம் முடியவில்லை. ஸ்பீக்கரின் மின்தடை எல்லாச் சுருதிக்கும் ஒன்றாக இருப்பதில்லை; ஓரிடத்தில் 5 ஓம், இன்னோரிடத்தில் 30 ஓம் என்று ஏறி இறங்கும். கேபிளின் மின்தடை கூடக்கூட அந்த ஏற்ற இறக்கம் ஒலியிலும் தெரியத் தொடங்கும். மெல்லிய கம்பியால் ஒலி மாறுகிறது என்று கேட்டவர்கள் சொன்னால், அவர்கள் சொல்வது உண்மை.

கடையில் இந்த அளவுகள் வேறு பெயரில் வரலாம். சென்னை ரிச்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் சந்தைகளில் '40/76' என்று கேட்பது இன்னும் வழக்கம். அங்குலத்தில் 0.0076 விட்டமுள்ள 40 இழைகள் என்பது இதன் பொருள், கணக்கிட்டால் 1.17 சதுர மில்லிமீட்டர் வரும். '23/76' என்பது 0.67 சதுர மில்லிமீட்டர், '70/76' என்பது 2.05. நடுத்தர அளவு அறையில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 40/76 தாராளமாகப் போதும். 4 ஓம் ஸ்பீக்கர் என்றாலோ தூரம் 8 மீட்டரைத் தாண்டினாலோ 70/76 அல்லது 2.5 ஸ்கொயர் எடுப்பது நல்லது.

கவனிக்க வேண்டியது, வாங்குவது உண்மையிலேயே செம்புதானா என்பது. விலை மலிவான ஸ்பீக்கர் கம்பிகளில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. அலுமினியம் செம்பில் 61 சதவீத அளவுக்கே மின்சாரத்தைக் கடத்தும், எனவே 1.5 ஸ்கொயர் என்று எழுதியிருந்தாலும் அது ஒரு ஸ்கொயர் செம்புக்கே ஈடாகும். கண்டுபிடிப்பது எளிது. ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். கையில் எடுத்தால் கட்டு எதிர்பார்த்ததைவிட லேசாக இருக்கும். நான்கைந்து முறை மடக்கி நிமிர்த்தினால் இழை முறிந்துவிடும். ஆனால் வெள்ளை நிறத்தை மட்டும் வைத்துத் தள்ளிவிடக் கூடாது. தகரம் பூசிய செம்பும் வெளியே வெள்ளையாகத்தான் இருக்கும், சுரண்டினால் சிவப்பு வரும்.

வெள்ளிக் கம்பியைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. வெள்ளி செம்பைவிட ஏறக்குறைய 6 சதவீதம் நன்றாகக் கடத்தும். அந்த 6 சதவீதத்தைப் பெறச் செம்பின் தடிமனை 6 சதவீதம் கூட்டினாலே போதும். முனைகளில் பூசும் தங்கமோ செம்பைவிடக் குறைவாகவே கடத்தும். அது கறுக்காது, துருப்பிடிக்காது என்பதற்காகத்தான் தங்கம்.

கம்பியின் அமைப்பும் ஓரளவு முக்கியம். ஒன்றையொன்று ஒட்டிச் செல்லும் ஜோடிக் கம்பி 5 மீட்டர் நீளத்தில் சுமார் 3 மைக்ரோஹென்றி மின்தூண்டலைக் கொண்டிருக்கும். 20,000 ஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 0.4 ஓம் தடையாக நிற்கும். கம்பிகளைத் தனித்தனியாக விலக்கி ஓட்டினால் இது கூடும். எனவே போகும் கம்பியையும் வரும் கம்பியையும் பிரிக்காமல் ஒன்றாக முறுக்கி ஓட்டுவது நல்லது. இதையே எல்லை வரை கொண்டுபோகிறவர்கள் கணினி நெட்வொர்க்குக்குப் போடும் கேட்5 கேபிள்களைச் சடைபோல் பின்னி ஸ்பீக்கர் கேபிள் செய்கிறார்கள். ஒரு கேட்5 கேபிளில் 24 கேஜ் கம்பிகள் எட்டு. மூன்று கேபிள்களைப் பின்னி, ஒவ்வொரு ஜோடியிலும் நிறமுள்ள கம்பியை ஒரு பக்கமும் வெள்ளை கலந்த கம்பியை மறுபக்கமும் சேர்த்தால் பக்கத்துக்கு 12 கம்பிகள், அதாவது சுமார் 2.5 சதுர மில்லிமீட்டர் கிடைக்கும். மின்தூண்டல் வெகுவாகக் குறையும். ஆனால் மின்தேக்குத்திறன் மீட்டருக்கு 600 பிக்கோஃபாரட் அளவுக்கு ஏறும். பெரும்பாலான ஆம்ப்ளிஃபயர்கள் இதைப் பொருட்படுத்தாது. சில மட்டும் கேபிளின் மின்தேக்குத்திறன் கூடும்போது நிலை தடுமாறி, காதுக்கு எட்டாத உயர் அதிர்வில் தானாக அலைய ஆரம்பித்துச் சூடேறும். இப்படிப்பட்ட கேபிளைப் போட்டபின் ஆம்ப்ளிஃபயர் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தால் உடனே கழற்றிவிட வேண்டும். இருபத்து நான்கு மெல்லிய கம்பிகளை ஒவ்வொரு முனையிலும் உரித்துச் சேர்ப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. 5 மீட்டர் தூரத்துக்கு முறுக்கிய 2.5 ஸ்கொயர் கம்பியே இந்தப் பாடு எதுவும் இல்லாமல் அதே வேலையைச் செய்யும்.

முனைகளுக்கு 4 மில்லிமீட்டர் பனானா பிளக் வசதியானது. வெறுங்கம்பியை நேரடியாக மாட்டுவதும் தவறல்ல. நன்றாக முறுக்கிய புதுச் செம்பு நல்ல தொடர்பைத் தரும். ஆனால் திருகி இறுக்கும் முனையில் மாட்டப்போகும் கம்பிக்கு ஈயம் ஏற்றக் கூடாது. ஈயம் மென்மையானது, அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி விலகும், சில மாதங்களில் திருகு தானாகவே தளர்ந்து நிற்கும். ஸ்பிரிங் கிளிப்புக்கு ஈயம் ஏற்றலாம். எந்த முறையானாலும் ஓர் இழைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சிவப்பு முனையிலிருந்து விலகிய ஒற்றை இழை கறுப்பு முனையைத் தொட்டால் ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் போய்விடலாம்.

ஆர்சிஏ கேபிள்

ஆர்சிஏ பிளக் என்ற பெயர் ரேடியோ கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற நிறுவனத்திலிருந்து வந்தது. 1930-களில் அந்த நிறுவனம் கிராமஃபோனை வானொலிப் பெட்டியோடு இணைக்கப் பயன்படுத்திய எளிய பிளக் இன்றுவரை உலகம் முழுக்க நிலைத்துவிட்டது. அதில் ஒரு குறை உண்டு. மாட்டும்போது நடு முள் முதலில் தொடும், வெளி வளையம் பிறகுதான் தொடும். ஆம்ப்ளிஃபயர் ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைச் செருகினால் அந்த இடைவெளியில் ஸ்பீக்கர் பெரிதாக உறுமும். ஆகவே எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

இந்தக் கேபிளில் ஓடும் மின்னோட்டம் அற்பமானது என்பதால் நடுக்கம்பியின் தடிமனுக்கு முக்கியத்துவம் இல்லை. மின்தேக்குத்திறனும் பெரும்பாலும் பிரச்சினை தராது. சிடி பிளேயரின் வெளியீட்டு மின்தடை 1,000 ஓம், கேபிள் 2 மீட்டர், மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்று வைத்தால், மேல் சுருதி இறங்கத் தொடங்கும் இடம் 8 லட்சம் ஹெர்ட்ஸ் அருகே. மனிதக் காதின் எல்லை 20,000. ப்ரீஆம்ப்ளிஃபயர் இல்லாமல் வெறும் வால்யூம் கண்ட்ரோலை நடுவில் வைப்பவர்களுக்கு மட்டும் கதை வேறு. 50,000 ஓம் வால்யூம் கண்ட்ரோல் நடுநிலையில் 12,500 ஓம் மூலமாக நடந்துகொள்ளும். அதன் பின்னால் அதே கேபிளை 5 மீட்டர் இழுத்தால் 20,000 ஹெர்ட்ஸில் 2 டெசிபெல் குறைந்துவிடும். இங்கே கேபிளைச் சுருக்குவது காதில் தெரியும் மாற்றத்தைத் தரும்.

உண்மையான எதிரி 50 ஹெர்ட்ஸ் உறுமல். இதைப் பற்றிய பொதுவான கருத்து, காற்றிலிருந்து வரும் தொந்தரவைத் தடுக்கத்தான் ஷீல்டு என்பது. அது பாதி உண்மை. ஆர்சிஏ இணைப்பில் ஷீல்டுதான் திரும்பும் கம்பியும்கூட. இரண்டு கருவிகளின் மின்சார இணைப்பிலிருந்தும் மிகச் சிறிய கசிவு ஒன்று எப்போதும் அவற்றின் உலோகப் பெட்டிக்கு வந்துகொண்டிருக்கும். அது ஒரு பெட்டியிலிருந்து மற்றதற்கு ஷீல்டு வழியாகவே ஓடும். ஓடும்போது ஷீல்டின் மின்தடையில் ஒரு சிறு வோல்டேஜ் உண்டாகி, இசையோடு அப்படியே கலந்துவிடும். கசிவு 0.3 மில்லிஆம்பியர், ஷீல்டின் மின்தடை 1 ஓம் என்றால் 0.3 மில்லிவோல்ட் உறுமல் பிறக்கிறது. இசையின் சராசரி அளவு 0.3 வோல்ட் என்றால் இரண்டுக்கும் இடைவெளி 60 டெசிபெல் மட்டுமே. அமைதியான இடங்களில் அது கேட்கும். ஷீல்டின் மின்தடையை 0.1 ஓமாகக் குறைத்தால் இடைவெளி 80 டெசிபெல் ஆகிவிடும். மெல்லிய அலுமினியத் தாளையும் ஒற்றை மெல்லிழையையும் ஷீல்டாகக் கொண்ட மலிவுக் கேபிள்கள் தோற்பது இங்கேதான். அடர்த்தியாகப் பின்னிய செம்பு வலை கொண்ட கேபிளைத் தேர்ந்தெடுத்து, தேவைக்கு மேல் ஓர் அடிகூட விடாமல் வெட்டிச் செய்வதே வீட்டில் கேபிள் செய்வதன் மிகப் பெரிய பயன்.

இதே காரணத்தால், ஷீல்டை ஒரு முனையில் மட்டும் இணைக்கும் வழக்கத்தைப் பின்பற்றாமல் இருப்பது நல்லது. உள்ளே இரண்டு கம்பிகள் கொண்ட மைக் கேபிளை எடுத்து, ஒன்றை முள்ளுக்கும் மற்றதை வளையத்துக்கும் கொடுத்து, ஷீல்டை சிடி பிளேயர் பக்கம் மட்டும் பற்றவைத்து உறையில் அம்புக்குறி போடுவார்கள். அப்படிச் செய்தால் திரும்பும் பாதை தடித்த வலைக்குப் பதிலாக மெல்லிய உள்கம்பியாகிவிடுகிறது, மின்தடை கூடுகிறது. வளையத்துக்குப் போகும் உள்கம்பியையும் ஷீல்டையும் சேர்த்து இரு முனையிலும் பற்றவைப்பதே மேல். கம்பிக்குத் திசை உண்டு என்று சொல்வதற்கும் ஆதாரமில்லை. ஒலிச்சமிக்ஞை மாறுதிசை மின்னோட்டம். அது இரு பக்கமும் சமமாக ஓடும்.

கேபிளாக மைக் கேபிளோ, 75 ஓம் கோஆக்ஸ் கேபிளோ போதும். டிவிக்கு விற்கும் கோஆக்ஸில் ஒரு சிக்கல்: பலவற்றில் வலை அலுமினியத்தாலும் நடுக்கம்பி செம்பு பூசிய எஃகாலும் ஆனது. அலுமினியத்தில் ஈயம் ஒட்டவே ஒட்டாது. வாங்குவதற்கு முன் வலையைச் சுரண்டிப் பார்ப்பது அவசியம்.

பற்றவைக்கும் முறை இது. முதலில் பிளக்கின் மூடியையும் ஒரு துண்டு ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவையும் கேபிளில் நுழைத்துத் தள்ளி வைக்க வேண்டும். இதை மறந்தால் எல்லாம் முடிந்தபின் பற்றவைத்ததைப் பிரிக்க வேண்டிவரும். வெளி உறையை 15 மில்லிமீட்டர் நீக்கலாம்; பிளேடை ஆழமாக அழுத்தாமல் மேலாகக் கீறி, கேபிளை வளைத்தால் உறை தானாகப் பிளக்கும், வலையின் இழைகள் அறுபடாது. வலையை ஓர் ஊசியால் சீவிப் பிரித்து, ஒரு பக்கமாக முறுக்கி ஒரே கம்பியாக்க வேண்டும். நடுக்கம்பியின் மேலுள்ள வெள்ளை உறையை 5 மில்லிமீட்டர் உரித்து, இரண்டிலும் தனித்தனியாக ஈயம் ஏற்ற வேண்டும்.

இங்கே வேகம் தேவை. 63 பங்கு தகரமும் 37 பங்கு ஈயமும் சேர்ந்த கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகும். ஈயமில்லாக் கலவை 217 டிகிரிக்கு மேல். கோஆக்ஸின் உள்ளே இருக்கும் பாலிஎத்திலீனோ 110 டிகிரி அருகிலேயே இளகிவிடும். அயர்னை அதிக நேரம் வைத்தால் நடுக்கம்பி இளகிய உறைக்குள் இறங்கி வலையைத் தொட்டு நிற்கும்; வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. எனவே அயர்ன் நன்றாகச் சூடேறியபின், நுனியைத் துடைத்து, நுனியிலேயே சிறிது ஈயம் வைத்து, இரண்டு மூன்று விநாடிகளில் வேலையை முடிக்க வேண்டும். 25 வாட் அயர்ன் நடு முள்ளுக்குப் போதும். வெளி வளையத்தின் தகடு தடிமனாக இருந்தால் சூட்டை உறிஞ்சிவிடும், அதற்கு 40 வாட்டுக்கு மேல் நல்லது. பிளக்கை உபயோகமற்ற ஒரு பழைய சாக்கெட்டில் செருகி வைத்துப் பற்றவைத்தால் நடு முள் சாயாமல் நேராக நிற்கும், பிளாஸ்டிக்கும் உருகாது. முள்ளின் கிண்ணத்தை முதலில் சூடாக்கி, ஈயத்தை அயர்னில் வைக்காமல் கிண்ணத்தில் வைக்க வேண்டும். அது ஓடிப் பரவும்போதுதான் நடுக்கம்பியை உள்ளே இறக்க வேண்டும். அயர்னை எடுத்தபின் ஐந்து விநாடி கை அசையக் கூடாது.

ஆறிய பற்றவைப்பு பளபளவென்று, உலோகத்தோடு குழிவாகப் படிந்திருக்க வேண்டும். மங்கலாக, பொருபொருவென்று, உருண்டையாக மேலே உட்கார்ந்திருந்தால் அது டிரை சால்டர். இன்று ஒலி வரும், ஒரு மாதத்தில் விட்டு விட்டு வரும். ஈயமில்லாக் கலவை இயல்பாகவே மங்கலாகத் தெரியும் என்பதால் அதில் குழிவை மட்டும் பார்க்க வேண்டும். உள்ளே ரோசின் கொண்ட ஈயக்கம்பியே போதும். குழாய் வேலைக்கு விற்கும் அமிலப் பசையைத் தொடவே கூடாது, அது செம்பை அரித்துவிடும். புகையை முகர வேண்டாம், வேலை முடிந்ததும் கை கழுவ வேண்டும். கடைசியாக, பிளக்கின் இரு காதுகளையும் இடுக்கியால் வெளி உறையின் மேல் அழுத்த வேண்டும். கேபிளை யாராவது இழுத்தால் அந்த இழுப்பைப் பற்றவைப்பு தாங்கக் கூடாது, காதுகள்தான் தாங்க வேண்டும்.

ரெக்கார்டு பிளேயருக்கு மட்டும்

மேலே சொன்ன கணக்குகளில் மின்தேக்குத்திறனை ஒதுக்கியது ரெக்கார்டு பிளேயருக்குப் பொருந்தாது. பரவலாக உள்ள மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜின் சுருளில் அரை ஹென்றி அளவுக்கு மின்தூண்டல் இருக்கிறது. அதோடு கேபிளின் மின்தேக்குத்திறன் சேர்ந்து ஓரிடத்தில் ஒத்ததிரும். கேபிளும் ஆம்ப்ளிஃபயரின் நுழைவாயிலும் சேர்ந்து 200 பிக்கோஃபாரட் என்றால் அந்த இடம் 15,900 ஹெர்ட்ஸ். 400 ஆனால் 11,250 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அங்கே ஒலி தூக்கலாகி அதற்கு மேல் சடாரென்று விழும். ஜாலராவும் வயலினின் மேல் ஸ்தாயியும் கூர்மையாகவும் வறட்சியாகவும் கேட்கும். தயாரிப்பாளர்களே தேவையான அளவைச் சொல்கிறார்கள்: ஆர்டோஃபோன் 2எம் ரெட்டுக்கு 150 முதல் 300 பிக்கோஃபாரட், ஆடியோ டெக்னிகா விஎம்95 வரிசைக்கு 100 முதல் 200. எனவே இங்கே மீட்டருக்கு 60 அல்லது 70 பிக்கோஃபாரட் மட்டுமே உள்ள கோஆக்ஸ் மைக் கேபிளைவிடப் பொருத்தமானது, ஒரு மீட்டரைத் தாண்டாமல் வைத்துக்கொள்வதும் நல்லது. உள்ளே நான்கு கம்பிகளை முறுக்கிய ஸ்டார் குவாட் வகை மைக் கேபிள் மேடையில் மிகச் சிறந்தது. ஆனால் அதன் மின்தேக்குத்திறன் அதிகம், இந்த வேலைக்கு ஆகாது. கேபிளை மாற்றினால் ஒலி மாறும் என்று தயங்காமல் சொல்லக்கூடிய இடங்களில் இதுவும் ஒன்று.

பழையதைத் திருத்துவது

கேபிள் பெரும்பாலும் நடுவில் கெடுவதில்லை. பிளக்குக்குள் நுழையும் இரண்டு அங்குலத்தில்தான் இழைகள் முறிகின்றன. பிளக்கோடு சேர்த்து மூன்று அங்குலம் வெட்டி எறிந்துவிட்டுப் புது பிளக் வைத்தால் பழைய கேபிள் புதியதாகிவிடும். வார்ப்பு பிளக் கொண்ட நல்ல கேபிள்களை இப்படித் தேவையான நீளத்துக்கு வெட்டியும் கொள்ளலாம். அதிகமாக இருக்கும் கேபிளைச் சுருட்டி மின்சாரக் கம்பிகளின் மேல் போட்டு வைப்பதைவிட இது நல்லது. பழைய ரெக்கார்டு பிளேயர்களில் கேபிள் உள்ளேயே நிரந்தரமாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை எடுத்துவிட்டு, பெட்டியின் பின்புறம் இரண்டு ஆர்சிஏ சாக்கெட்டுகளைப் பொருத்திவிட்டால் பிறகு எந்தக் கேபிளையும் மாட்டிக்கொள்ளலாம். கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கைக்குள் ஓடும் மயிரிழைக் கம்பிகளை மட்டும் தொடாமல் இருப்பது உத்தமம்.

பழைய பிலிப்ஸ், குருண்டிக் கருவிகளில் ஆர்சிஏவுக்குப் பதிலாக ஐந்து முள் டின் சாக்கெட் இருக்கும். அரைவட்டத்தில் முட்களின் எண் வரிசை 1, 4, 2, 5, 3. நடுவில் இருக்கும் 2 எர்த். டேப் ரெக்கார்டரிலிருந்து ஒலி வெளியே வருவது 3-இலும் 5-இலும், முறையே இடமும் வலமும். பதிவுக்காக உள்ளே போவது 1-இலும் 4-இலும். இந்த வரிசை தெரிந்தால் ஐம்பது ஆண்டுப் பழைய கருவியும் இன்றைய ஆம்ப்ளிஃபயரோடு பேசும்.

கைபேசிக்கான 3.5 மில்லிமீட்டர் பிளக்கில் நுனி இடப்பக்கம், நடு வளையம் வலப்பக்கம், அடிப்பகுதி எர்த். ஆர்சிஏ பக்கம் சிவப்பு எப்போதும் வலது. வெள்ளையோ கறுப்போ இடது. ஒற்றை ஸ்பீக்கருக்காக இடத்தையும் வலத்தையும் ஒன்றாக்க வேண்டியிருந்தால் இரண்டு கம்பிகளை நேரடியாக முறுக்கிச் சேர்க்கக் கூடாது, ஒரு வெளியீடு மற்றதற்குள் மின்சாரத்தைத் தள்ளும். ஒவ்வொன்றின் வழியிலும் 1,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்று வைத்து, அதன் பிறகு சேர்க்க வேண்டும்.

வீட்டில் கை வைக்கக் கூடாத கேபிள் ஒன்று உண்டு: 230 வோல்ட் மின்சாரக் கேபிள். உறுமல் போக வேண்டும் என்பதற்காக மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை ஒடிப்பதோ எர்த் கம்பியைக் கழற்றுவதோ உயிருக்கு ஆபத்து. கருவிக்குள் ஏதாவது பழுதானால் மொத்த உலோகப் பெட்டியும் மின்சாரம் ஏறி நிற்கும். ஆர்சிஏ கேபிளின் ஷீல்டு அதை மற்றப் பெட்டிகளுக்கும் கொண்டுபோகும். எல்லாக் கருவிகளையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் மாட்டுவது, கேபிளைச் சுருக்குவது, நல்ல ஷீல்டு, இந்த மூன்றிலும் போகாத உறுமலுக்கு ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் வைத்துப் பிரிப்பதே முறையான வழி.

சோதனை

செய்து முடித்த கேபிளைக் கருவியில் மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைக்க வேண்டும். முள்ளுக்கு முள் பீப் அடிக்க வேண்டும், வளையத்துக்கு வளையம் அடிக்க வேண்டும், முள்ளுக்கும் வளையத்துக்கும் அடிக்கவே கூடாது. அளக்கும்போதே கேபிளை இரு முனையிலும் அசைத்துப் பார்க்க வேண்டும். பீப் ஒருமுறை விட்டுவிட்டு வந்தாலும் அந்த முனையைப் பிரித்து மறுபடி செய்ய வேண்டும்.

ஸ்பீக்கர் கம்பியில் கூடுதலாகப் பார்க்க வேண்டியது சிவப்பு கறுப்பு மாறாமல் இருப்பது. ஒரு பக்கம் மாறிவிட்டால் ஒரு ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். நடுவில் நிற்க வேண்டிய பாடகரின் குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் அறை முழுக்கக் கலையும், மிருதங்கத்தின் தொப்பியில் எழும் கும்காரம் காணாமல் போகும். ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் கம்பியின் மறுமுனையில் கணநேரம் தொட்டால், பேட்டரியின் நேர்முனை சிவப்பில் இருக்கும்போது கூம்பு வெளியே நகர வேண்டும். கம்பியை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

புதுக் கேபிள் பழையதைவிட நன்றாக இருக்கிறதா என்று கேட்டுத் தீர்மானிக்க விரும்புகிறவர்கள் மூன்று விஷயங்களில் கவனமாக இருக்க வேண்டும். இரண்டிலும் ஒலியளவு ஒன்றாக இருக்க வேண்டும், 0.1 டெசிபெல், அதாவது வோல்டேஜில் ஒரு சதவீதத்துக்குள். கொஞ்சம் கூடுதலான சத்தம் காதுக்கு எப்போதும் மேலான ஒலியாகவே தோன்றும். மாற்றுகிறவர் வேறொருவராக இருக்க வேண்டும், எது மாட்டியிருக்கிறது என்று கேட்கிறவருக்குத் தெரியக் கூடாது. பத்துப் பன்னிரண்டு முறையாவது செய்து, எத்தனை முறை சரியாகச் சொல்ல முடிந்தது என்று எழுதிவைக்க வேண்டும். பன்னிரண்டில் ஆறோ ஏழோ என்றால் அது நாணயத்தைச் சுண்டிச் சொன்னதற்கு ஒப்பு. கேபிள் நூறு மணி நேரம் ஓடியபின் தான் பழகும் என்று சொல்லப்படுவதற்கும் செம்பில் அளக்கக்கூடிய காரணம் இல்லை. பழகுவது கேட்பவரின் காது.

பராமரிப்புக்கு அதிகம் வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை எல்லா ஆர்சிஏ பிளக்குகளையும் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து மறுபடி மாட்டலாம். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் வெறுங்கம்பியாக மாட்டிய ஸ்பீக்கர் முனைகள் பச்சையாகக் களிம்பேறும். அங்கே கம்பியை வெட்டும்போதே அரை அடி கூடுதலாக விட்டுவைத்தால், களிம்பேறிய அரை அங்குலத்தை நறுக்கிவிட்டுப் புது முனை உரித்துக்கொள்ள இடமிருக்கும்.